ஊர் அருங்காட்சியகத்தில் ஓராண்டு நிகழ்ச்சிகள்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, புதுக்கோட்டையை முன்வைத்து

உள்ளூர் அருங்காட்சியகத்தை நம்மில் பலர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருப்போம். ஐந்தாம் வகுப்பில், வரிசையில், "தொடாதே" என்ற சத்தத்துக்கு நடுவே. அதன் பிறகு அந்தக் கதவுக்கு எதிரே தினமும் பஸ் ஏறியும் உள்ளே காலெடுத்து வைக்காமலே பேரன் பேத்தி எடுத்தவர்கள் உண்டு. அவர்களைத் திரும்ப உள்ளே வரவைக்க விரும்பும் ஆசிரியர், வாசகர் வட்டம் நடத்துகிறவர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்றவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். முன் அனுபவம் எதுவும் வேண்டாம். பொறுமையும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்குப் புதுக்கோட்டையை வைத்துக்கொள்கிறேன். அங்கே திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் 1910இல், சமஸ்தான காலத்தில் தொடங்கப்பட்டது. சுற்று வட்டாரத்தில் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் என்று ஒரு மாவட்டத்துக்கு அதிகமாகவே வரலாறு கிடக்கிறது. உங்கள் ஊர் அருங்காட்சியகம் வேலூர்போலக் கோட்டைக்குள் இருக்கலாம், திருச்சிபோல ராணி மங்கம்மாள் மண்டபத்தில் இருக்கலாம், தருமபுரிபோல நடுகற்களுக்குப் பேர்போனதாக இருக்கலாம். ஊர்ப் பெயரையும் பொருளையும் மாற்றிக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான்.

முறை என்று நான் சொல்வது இதைத்தான்: கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பாதிக் கதை. மீதிப் பாதி அதைப் பார்க்க வருகிறவருடைய வீட்டுப் பரணிலும் பாட்டியின் வாயிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வைத்து, பேசியதை எழுதி வைத்துக்கொண்டால் அது ஒரு நல்ல நிகழ்ச்சி. மாதத்துக்கு ஒன்று போதும்.

முதலில் நீங்கள் நாலு முறை போய் வாருங்கள்

யாரிடமும் எதுவும் கேட்பதற்கு முன், பார்வையாளராகச் சீட்டு வாங்கிக்கொண்டு நாலு தடவை போங்கள். முதல் தடவை சும்மா சுற்றுங்கள். இரண்டாம் தடவை உங்களை நிற்க வைத்த பன்னிரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கு. விலைமதிப்பற்ற செப்புத்திருமேனியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய படி, மரக்கால், பூட்டு, வாள், வீணை, ஒரு நாணயம் எதுவானாலும் சரி. "எங்க வீட்லயும் இது இருந்துச்சே" என்று யாராவது சொல்லக்கூடிய பொருளாகக் குறைந்தது ஆறு இருக்கட்டும்.

மூன்றாம் தடவை பொருளைப் பார்க்காமல் கட்டடத்தைப் பாருங்கள். நாற்பது பேர் உட்கார நிழல் எங்கே? குடிநீர் எங்கே? கழிப்பறைக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம்? படிக்கட்டு ஏற முடியாத முதியவர் எந்த வழியாக வருவார்? மைக் மாட்ட பிளக் பாயிண்ட் இருக்கிறதா? புதிதாக வருகிறவர்கள் தலைப்பைப் பற்றி ஒரு மாதம் யோசிக்கிறார்கள், கழிப்பறைச் சாவியைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிப்பதில்லை. கூட்டம் கலைவது பெரும்பாலும் சாவியால்தான்.

நாலாம் தடவை வாசலில் சீட்டுக் கிழிப்பவர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் மூவரிடமும் பேசுங்கள். எந்த நாளில் கூட்டம் வரும், எந்த நேரத்தில் எந்த அறையில் வெயில் அடிக்கும், மழைக்கு எங்கே ஒழுகும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அனுமதிக் கடிதம்

அரசு அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பானவர் காப்பாட்சியர். நேரில் பார்த்து வாய்மொழியாகப் பேசிவிட்டு, பிறகு கடிதம் கொடுங்கள். கடிதத்தை மட்டும் தபாலில் போட்டால் அது கோப்பாகிவிடும். கோப்பு நகர நாளாகும்.

ஒரே கடிதத்தில் ஓராண்டுக்கான பட்டியலையும் இணையுங்கள். தேதி, நேரம், எந்தக் கூடம், ஏறத்தாழ எத்தனை பேர், மைக் உண்டா, படம் எடுக்கப்படுமா, சாப்பாடு எங்கே என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரி. மாதாமாதம் புதிதாக அனுமதி கேட்டுப் போனால் அவருக்கும் சலிப்பு, உங்களுக்கும் சலிப்பு. சில விஷயங்களுக்கு அவர் சென்னையில் உள்ள தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகக் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கே காப்பாட்சியர் மாற்றலாகிப் போனால் புதியவரிடம் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

விடுமுறை நாளை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பொதுவாகச் சனி ஞாயிறு திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில், வேறொரு ஊரில், ஒரு சனிக்கிழமை முப்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றவன் நான். எதிரே இருந்த பூங்காவில் கல்வெட்டுப் பாடம் நடத்தி ஒப்பேற்றினேன். குடியரசு நாள், சுதந்திர நாள்போன்ற தேசிய விடுமுறைகளிலும் கதவு திறக்காது. அந்த நாளையொட்டி ஏதாவது செய்ய ஆசை இருந்தால் முந்தைய ஞாயிறு.

மூன்று பேர், ஒரு துணிப் பதாகை

ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் எழுத, ஒருவர் வாசலில் நிற்க. மூன்றையும் ஒருவரே செய்தால் மூன்றாம் மாதம் காய்ச்சலில் படுப்பார். எழுதுகிறவர்தான் மூவரில் முக்கியமானவர். அவர் யார் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுப் பேச்சாளரைத் தேடுங்கள்.

செலவு என்று பார்த்தால் டீ, சுண்டல், ஜெராக்ஸ், வருகிற பேச்சாளருக்குப் போக்குவரத்து. ஃப்ளெக்ஸ் அடிக்காதீர்கள். தேதி இல்லாத துணிப் பதாகை ஒன்று தைத்துவிட்டால் ஆண்டு முழுதும் அதே பதாகை. கூடத்துக்குள் தின்பண்டம் கூடவே கூடாது. சிந்திய சுண்டலுக்கு எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் மற்றதெல்லாம் வரும். டீ மரத்தடியில்தான்.

சிறப்பு விருந்தினர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: வேண்டாம். அவர் வரத் தாமதமாகும், வந்த பிறகு வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு, வாழ்த்துரை. ஒன்றரை மணி நேரத்தில் பொருளைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் மிஞ்சும். தவிர்க்கவே முடியாத ஆள் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை, பன்னாட்டு அருங்காட்சியக நாளான மே 18 அன்று கூப்பிடுங்கள். அன்று எப்படியும் விழாதான்.

ஆள் சேர்க்க வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது. கைப்பட எழுதிய அறிவிப்பை நூலகம், டீக்கடை, ரேஷன் கடை, கோயில் வாசலில் ஒட்டுங்கள். நாளிதழ்களின் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதிக்கு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். எந்த டவுன் பஸ், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். திருக்கோகர்ணம் கடைவீதிக்கு நடுவில் இல்லை. வழி தெரியாததால் வராமல் போகிறவர்கள், விருப்பம் இல்லாமல் வராதவர்களைவிட அதிகம்.

ஆண்டை ஜூனில் தொடங்குங்கள்

ஜனவரியில் தொடங்கினால் மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் வெயில், சூடு பிடிப்பதற்குள் அணைந்துவிடும். பள்ளி திறக்கும் ஜூன்தான் நம் ஊர்களில் எதற்கும் முதல் மாதம்.

ஜூன் மாதம் சிறியதாக ஒன்று: பக்கத்துப் பள்ளிகளின் வரலாற்று, தமிழ் ஆசிரியர்கள் பத்துப் பேரை அழைத்து ஒரு சுற்று. எந்தப் பொருள் எந்தப் பாடத்தோடு பொருந்தும் என்று அவர்களே சொல்லட்டும். ஆசிரியர் ஒருவர் வந்தால் ஆண்டு முழுதும் நாற்பது பிள்ளைகள் வருவார்கள்.

ஜூலை 30 மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் அனுமதி கொடுத்தார். பிறகு சென்னையில் 1912இல் மருத்துவப் பட்டம், 1927இல் சட்டமன்ற மேலவை, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று போனது அவர் வாழ்க்கை. இதையெல்லாம் ஒருவர் மேடையில் ஒப்பிப்பது நிகழ்ச்சி ஆகாது. ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்கள் நாலைந்து பேரைக் கூப்பிடுங்கள். வீட்டில் மருத்துவச்சி கையால் பிறந்தவர்களையும் கூப்பிடுங்கள். "முதல் பிரசவம் எந்த ஊரில் பார்த்தீங்க, எப்படிப் போனீங்க, ராத்திரி வெளிச்சத்துக்கு என்ன?" என்று கேட்டால் அறை தானாகப் பேசத் தொடங்கும். அரசு மருத்துவமனைகளில் அந்த நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடுவதால் செவிலியர்களுக்கு அன்று ஒழியாது. பக்கத்து ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆடிப்பெருக்கு. பழைய ஏட்டுச் சுவடிகளை ஆடிப்பதினெட்டு அன்று ஆற்றில் விட்டுவிட்ட கதைகளை உ.வே.சாமிநாதையர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஆகவே அந்த வாரத்தில் "வீட்டில் இருக்கும் பழைய ஏடு, தாள், படம்: எப்படிப் பாதுகாப்பது" என்று ஒரு செய்முறை. ஏட்டை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மென்மையான உலர்ந்த தூரிகை போதும். கிழிந்த பத்திரத்துக்குச் செல்லோடேப் ஒட்டக் கூடாது. நாளடைவில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்னும். பழைய புகைப்படங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் நெருக்கி ஒட்ட வைத்தால் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் உறையோடு ஒட்டிக்கொள்ளும். இவ்வளவையும் செய்து காட்டினாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

நவராத்திரிதான் புதுக்கோட்டைக்காரர்களுக்கு விட்டுவிடக் கூடாத வாய்ப்பு. சமஸ்தானத்துக்கென்று தனி நாணயம் இருந்தது: அம்மன் காசு. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறிய செப்புக்காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்ற எழுத்து. தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமான அந்தப் பிரகதாம்பாள் இருப்பதும் இதே திருக்கோகர்ணத்துக் குடைவரைக் கோயிலில்தான். நவராத்திரி நாள்களில் ஏழைகளுக்கு அரிசியோடு நான்கு அம்மன் காசும் கொடுக்கிற வழக்கம் இருந்தது. காசும் கோயிலும் பண்டிகையும் நடந்துபோகும் தொலைவில் ஒன்றாகக் கிடைக்கிற ஊர் எத்தனை இருக்கும்!

செய்ய வேண்டியது இது. மாலை நாலு மணிக்கு அருங்காட்சியகம். காசின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் மாட்டுங்கள். சிறிய காசை நாற்பது பேர் கண்ணாடிக்கு மேல் கவிழ்ந்து பார்க்க முடியாது. ஒரு பெரியவர் காசின் கதையைச் சொல்லட்டும். பிள்ளைகளுக்குத் தாளும் பென்சிலும் கொடுத்து, அவரவர் பையில் இருக்கும் இன்றைய ரூபாய் நாணயத்தின் மேல் தாளை வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். உண்மையான பழங்காசின் மேல் இதைச் செய்யவே கூடாது. தேய்த்த நாணயத்தில் எந்த மொழி, எந்தச் சின்னம், ஏன் என்று கேளுங்கள். நம் காசில் ஏன் தெலுங்கு இருந்தது என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள். ஐந்தரை மணிக்குக் கோயில் வரை நடை. சுண்டல் அங்கேயே. விருப்பமில்லாதவர்கள் வாசலோடு திரும்பிவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவான இடத்திலிருந்து தொடங்கிய நிகழ்ச்சி, யாரையும் சங்கடப்படுத்தி முடியக் கூடாது.

ஆயுதபூசையை ஒட்டி இன்னொன்றும் செய்யலாம். தச்சர், கொல்லர், தையற்காரர், சைக்கிள் கடைக்காரர் தத்தம் கருவிகளைக் கொண்டுவந்து பெயர் சொல்லட்டும். உளியில் மட்டும் எத்தனை பெயர் என்று எழுதிப் பாருங்கள்.

அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை. வெளிப்பயணம் எதையும் வைக்காதீர்கள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். உள்ளேயே செய்யக்கூடியது கல்வெட்டு மைப்படி. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மைப் பொட்டலத்தால் ஒற்றி எடுக்கிற வேலை. எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கருப்பாகவும் எழும்பி வரும்போது பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். இதைத் தொல்லியல் துறையிலோ கல்லூரியிலோ பயிற்சி பெற்றவர் மட்டும் செய்ய வேண்டும். சேகரிப்பில் உள்ள கல்லில் வேண்டாம். கல்தச்சரிடம் சொல்லி நாலு எழுத்து வெட்டிய புதுக்கல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: கோயில் சுவரில் எழுத்து தெரியவில்லை என்று மாவு, சாக்பீஸ், எண்ணெய் தடவுகிற பழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

அதே நவம்பரில் புதுக்கோட்டைக்கு வேறொரு நினைவும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. வரலாறு என்றால் ஆயிரம் ஆண்டு பழையதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களை இந்த நிகழ்ச்சிக்கு அவசியம் கூப்பிடுங்கள். அன்று செல்போனில் எடுத்த படங்கள் பழைய போன்களோடு ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருக்கின்றன. ஒரு மடிக்கணினி, ஒரு மேசை, ஒரு பதிவேடு போதும். படத்தை வாங்கி, எடுத்தவர் பெயர், ஊர், தோப்பில் எத்தனை மரம் நின்றது, எத்தனை விழுந்தது என்று கேட்டு எழுதுங்கள். பேசும்போது சிலருக்குக் குரல் உடையும். அவசரப்படுத்த வேண்டாம்.

மார்கழிக்கு இசை. குடுமியான்மலையில் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில் சுரங்கள் ஏழு பகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளூர் நாகசுரக் கலைஞரையோ இசையாசிரியரையோ அழைத்து, கல்வெட்டின் படத்தை முன்னால் வைத்துச் சுரம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கச்சேரியாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அரையாண்டுத் தேர்வு நேரம் என்பதால் இது பெரியவர்களுக்கான நிகழ்ச்சி.

போகிக்கு முந்தைய வாரம்தான் ஆண்டிலேயே பலன் அதிகம் தருவது. வீடு வெள்ளையடிக்கிறார்கள், பரணிலிருந்து எல்லாம் கீழே வருகிறது. பழைய கடிதம், கல்யாணப் பத்திரிகை, கணக்கு நோட்டு, பள்ளிக்கூடக் குழுப் படம் எல்லாம் தெருமுனை நெருப்புக்குப் போகக் காத்திருக்கும். "எரிக்கும் முன் காட்டுங்கள்" என்று அறிவிப்பு வையுங்கள். மூன்று நாள், மாலை இரண்டு மணி நேரம். ஸ்கேனர் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஜன்னலோர வெளிச்சத்தில் தாளைத் தட்டையாக வைத்து, பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்து, போனில் நேர் மேலிருந்து எடுத்தாலே போதும். படம் எடுத்ததும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்று கீழே சொல்கிறேன்.

பொங்கலன்று எதுவும் வைக்க வேண்டாம். இந்த மாவட்டத்தில் ஜனவரியில் ஜல்லிக்கட்டோடு போட்டி போட்டு ஜெயித்த நிகழ்ச்சி எதுவும் கிடையாது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டே பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான். மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, 1974 ஜனவரி 14 அன்று மாவட்டம் பிறந்ததை நினைவில் வைத்திருப்பவர்களையும், சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்ததைச் சிறுவயதில் பார்த்தவர் யாராவது இருந்தால் அவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். இந்த இரண்டாம் வகையினர் மிகச் சிலரே. அவர்களுக்கு மட்டும் ஜனவரி வரை காத்திருக்காதீர்கள். ஜூனிலேயே வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.

பிப்ரவரியில் வெயில் இன்னும் ஏறியிருக்காது. சித்தன்னவாசலுக்குப் போகலாம். காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் இறங்கிவிட வேண்டும். குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில் சமணப் படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உண்டு. மூட்டு வலிக்காரர்கள் அந்த ஏற்றத்தை விட்டுவிட்டு, சமணக் குடைவரையான அறிவர் கோயிலில் ஓவியம் பார்க்கலாம். தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆள் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரமாவது வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயரும் கல்வெட்டில் அங்கேயே இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் இடம், தனிச் சீட்டு, தனி விதிகள். பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். பழைய நூல்களின் முதற்பதிப்புகளுக்குப் பேர்பெற்ற ஞானாலயா ஆய்வு நூலகமும் திருக்கோகர்ணத்தில்தான் இருக்கிறது என்பதால் அன்றைக்கு எங்கே போவது என்று யோசிக்கத் தேவையில்லை.

மார்ச் 8, மகளிர் நாள். நான் ஒரே ஒரு நிகழ்ச்சிதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். அவர்கள் இன்று அறுபதைத் தாண்டிய பாட்டிகள். அருங்காட்சியக வாசலில் ஒரு பழைய சைக்கிளை நிறுத்தி வைத்துவிட்டு அவர்களை அழையுங்கள். "அறிவொளி இயக்கம் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: அது யாருடைய சைக்கிள்? பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது யார்? முதன்முதலில் விழுந்தது எங்கே? பார்த்துச் சிரித்தது யார்? தனியாக ஓட்டிப்போன முதல் இடம் எது? வீட்டில் என்ன சொன்னார்கள்? ஒருவர் சொல்லத் தொடங்கினால் அடுத்தவர் இடைமறிப்பார். மறிக்கட்டும், பதிவுக் கருவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பொதுத்தேர்வு மாதம் என்பதால் பள்ளிகளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பேத்திகள் வந்தால் போதும்.

ஏப்ரல் 18 உலக மரபு நாள். வெயில். மாலையில் ஒரு மணி நேரப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள், 1977 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்த பிள்ளைகள் ஊரில் நிறைந்திருப்பார்கள். ஆண்டு முழுதும் திரட்டிய படங்களையும் பேச்சுகளையும் ஒரு கூடத்தில் மாட்டி வையுங்கள். படத்தில் இருப்பவர்களையே வழிகாட்டிகளாக நிறுத்துங்கள். பொன்னாடை எல்லாம் அன்றைக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

பொருளோடு வருகிறவரிடம் எப்படி நடந்துகொள்வது

போகி வாரத்தில் மட்டுமில்லை, நாலாவது மாதத்திலிருந்தே யாராவது துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவருவார்கள். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதல் விதி: எதையும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். படம் எடுங்கள், அளவு எடுங்கள், திருப்பிக் கொடுங்கள். அருங்காட்சியகத்துக்கே கொடுக்க விரும்பினால் நேராகக் காப்பாட்சியரிடம் அழைத்துப் போய் எழுத்து மூலம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் வாங்கி உங்கள் பீரோவில் வைத்த செப்பேடு, பத்தாண்டு கழித்து உங்களைத் திருடன் ஆக்கிவிடும்.

இரண்டாவது, விலை சொல்லாதீர்கள். "சார், இது எவ்வளவு போகும்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தாலும் தெரியாது.

மூன்றாவது, கொஞ்சம் சட்டம். நிலத்தில் புதைந்து கிடந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்தப் பத்து ரூபாய் அன்று வைத்த வரம்பு என்பதால், நடைமுறையில் இன்று கிடைக்கிற எல்லாமே அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொடங்கலாம். நூறு ஆண்டைக் கடந்த சிற்பம், ஓவியம், நாணயம் போன்றவையும், 75 ஆண்டைக் கடந்த சுவடி, ஆவணம் போன்றவையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருவது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால். சிலவற்றைப் பதிவு செய்ய வேண்டும், உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கொண்டுவந்தவரைப் பயமுறுத்தாமல், தணிந்த குரலில், தனியாக அழைத்து இதைச் சொல்லுங்கள். நாற்பது பேர் முன்னால் சொன்னால் அடுத்த மாதம் யாருமே எதையும் கொண்டுவர மாட்டார்கள்.

நான்காவது, துலக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். அருங்காட்சியகத்தில் காட்டப்போகிறோமே என்ற மரியாதையில் புளி, விபூதி, செங்கல் பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவருவார்கள். நூறு ஆண்டு எழுத்து ஒரே காலையில் போய்விடும். அறிவிப்புத் தாளிலேயே "கழுவாமல், துலக்காமல், அப்படியே கொண்டுவரவும்" என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

பதிவு செய்வது

போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் லோன் வேண்டுமா என்று அழைப்பு வந்து பாட்டியின் கதையை அறுத்துவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். முதல் வரியில் நீங்களே தேதி, இடம், பேசுகிறவர் பெயர், ஊர் சொல்லிவிடுங்கள். பதிவைப் பிறர் கேட்கலாமா, பெயர் போடலாமா, படம் மாட்டலாமா என்று மூன்று கேள்விக்கும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது.

பெரிய கேள்விகள் வேலைக்கு ஆகாது. ஒரு ரூபாய்க்கு என்ன வாங்கினீர்கள், தீபாவளிக்கு முதல் சட்டை யார் தைத்தது, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் என்னென்ன மரம் இருந்தது என்பதுபோலச் சின்னக் கேள்விகளுக்குத்தான் பெரிய பதில் வரும். அன்றிரவே கோப்புக்குத் தேதியும் பெயரும் வைத்துச் சேமியுங்கள். உங்கள் கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, இன்னொருவர் வீட்டில் ஒன்று என மூன்று பிரதி. காப்பாட்சியருக்கு ஆண்டுக் கடைசியில் ஒரு பிரதி.

வந்தவர் எண்ணிக்கையை எழுதுங்கள், ஆனால் அதை நம்பி ஏமாறாதீர்கள். வருகைப் பதிவேட்டில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வந்திருக்கும் பெயர்களுக்குக் கீழே கோடு போடுங்கள். கோடு கூடிக்கொண்டே போனால் சரியாகத்தான் போகிறீர்கள். பேசியவர்களுக்குப் பணம் தர முடியாவிட்டாலும் அவர்களுடைய படத்தை அச்செடுத்து, பின்பக்கம் தேதி எழுதி, வீட்டில் போய்க் கொடுங்கள். அப்படிப் போகும்போது திண்ணையில் உட்காரச் சொல்வார்கள். உட்காருங்கள். அடுத்த ஜூனுக்கான முதல் பொருள் பெரும்பாலும் அங்கேதான் உள்ளேயிருந்து எடுத்துவரப்படும். நோட்டைக் கையோடு கொண்டுபோக மறக்க வேண்டாம்.